பௌத்த ஏட்டோவியமும் அதனை ஈன்ற சமுதாயமும்

இந்தியக் கலை வரலாற்றை எழுதியோருட் பலர் அதனை மன்னர் வரிசையின் வரலாறாகவே எழுதிச் சென்றனர். குப்தர் கலை, பல்லவர் கலை, சோழர் கலை என்று அரச குலங்களின் பெயர்களையே கலைக்கும் இட்டு வழங்குவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வகுப்பறையிலே மாணவரும் அவ்வாறே மனனஞ் செய்கின்றனர். ஓர் ஓவியத்தை வரைந்த கை எது, அந்தக் கைக்கு உணவளித்த நிலம் எது, அந்நிலத்தை உழுதவர் யார் என்னும் கேள்விகள் வினாத்தாளில் இடம்பெறுவதில்லை. கிழக்கிந்தியாவிலே, பால மன்னர் ஆண்ட வங்காளத்திலும் மகதத்திலும், 10ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 12ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பௌத்த ஏடுகளில் வரையப்பட்ட சிற்றோவியங்களை இக்கேள்விகளோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய இவ்வோவியங்கள், இந்தியாவின் காலங்குறித்த ஏட்டோவியங்களுள் மிகப் பழையவை. அவற்றின் அழகைப் பற்றிப் பேசுவோர் பலர்; அந்த அழகின் விலையைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

இந்திய ஓவியம் என்றவுடன் அஜந்தாவே நம் நினைவுக்கு வரும். குகைச் சுவர்களிலே 5ஆம் நூற்றாண்டளவில் உச்சநிலை எய்திய அம்மரபு அதன்பின் என்னவாயிற்று என்பதற்குச் சான்றுகள் மிக அரிதாகவே எஞ்சியுள்ளன. சுவர் இடிந்தால் ஓவியமும் இடிந்துவிடும். துணியும் ஓலையும் மரமுமோ மழைக்கும் கறையானுக்கும் இரையாகிவிடும். 1931இல் வடமேற்கே கில்கிட்டிலே பழைய மேடொன்றிலிருந்து பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய பௌத்த நூல்கள் வெளிப்பட்டன. அவற்றோடு வண்ணந் தீட்டிய மரச்சட்டங்களும் கிடைத்தமை, நூலை ஓவியத்தால் அணிசெய்யும் வழக்கம் பால மன்னர் காலத்திற்கு முன்னரே தோன்றிவிட்டதென்பதை உணர்த்துகின்றது. எனினும் ஏட்டின் பக்கத்திலேயே, எழுத்துக்கு நடுவிலேயே ஓவியம் அமர்ந்து, ஒரு தொடர்ச்சியான மரபாக வளர்ந்தமையை நாம் தெளிவாகக் காண்பது கிழக்கிந்தியாவிலேதான். மகிபாலனின் 6ஆம் ஆட்சியாண்டில் நாலந்தாவிலே எழுதப்பெற்று, இப்போது கல்கத்தா ஆசியக் கழகத்தில் உள்ள ஏடு இம்மரபின் தொடக்ககாலப் படைப்புக்களில் ஒன்றாகும். அவனது 5ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இன்னோர் ஏடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றது.

இவ்வேடுகளிற் பெரும்பாலானவை ஒரே நூலின் படிகள் என்பது கவனிக்கத்தக்கது. அந்நூல் 'அஷ்டசாகஸ்ரிகா பிரஞ்ஞாபாரமிதை' என்பது. எண்ணாயிரம் சுலோக அளவுடைய மெய்யறிவு நூல் என்று இதன் பெயரைத் தமிழில் விளக்கலாம். நூல் உரைநடையே, ஆயினும் 32 அசைகொண்ட சுலோகத்தை அலகாகக் கொண்டு உரைநடையையும் அளந்து கூறுவது அக்கால வழக்கு. மகாயான பௌத்தத்தின் அடிப்படைக் கருத்தாகிய சூனியவாதத்தை விரித்துரைக்கும் நூல் இது. எப்பொருளுக்கும் தனக்கெனத் தனித்து நிற்கும் இயல்பு இல்லை, யாவும் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றுவன என்பது அதன் சாரம்.

ஏட்டின் உருவத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். தாளிப்பனையின் இளம் ஓலையைப் பதப்படுத்தி, உலர்த்தி, மெருகிட்டு, ஏறத்தாழ 55 சதமமீற்றர் நீளமும் 6 சதமமீற்றர் அகலமும் கொண்ட துண்டுகளாக நறுக்கினர். நமது முன்னோர் எழுத்தாணியாற் கீறிக் கரி பூசிய ஏடுகளுக்கும் இவற்றுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வடநாட்டார் ஓலையைக் கீறவில்லை. பேனையும் மையும் கொண்டு மேற்பரப்பில் எழுதினர். தூரிகை படியத்தக்க ஒரு தளமாக ஓலை அங்கு ஏற்கெனவே பயன்பட்டு வந்ததாகையால், எழுத்தோடு வண்ணமும் சேர்வதற்குத் தடை இருக்கவில்லை. கீறி எழுதும் மரபிலே ஓலையில் வண்ண ஓவியம் பரவலாக வளராமைக்குக் கருவியின் இயல்பும் ஒரு காரணமாகும். கலையின் வடிவத்தைக் கருத்து மாத்திரமன்றிக் கருவியும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனினும் எளிய உதாரணம் வேண்டியதில்லை.

எழுதுவோனும் ஓவியனும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். எழுதுவோன் கட்டுக்கயிறு செல்லும் இரு துளைகளைச் சுற்றி இடம் விட்டு, பக்கத்துக்கு ஆறேழு வரிகளாக எழுதிச் செல்வான். ஓவியத்துக்கு உரிய பக்கங்களில் நடுவே ஒரு சதுரத்தையோ, நடுவிலும் இரு புறங்களிலுமாக மூன்று சதுரங்களையோ வெறுமையாக விட்டுவைப்பான். அதன் பின்னரே ஏடு ஓவியன் கைக்குச் செல்லும். விட்ட இடம் நிரப்பப்படாமலே நின்றுபோன ஏடுகளும் உண்டு. அவை இவ்வேலைப் பிரிவினைக்குச் சாட்சியங்களாகும். ஓவியன் முதலிற் கோட்டுருவத்தை வரைந்து, வண்ணங்களை நிரப்பி, மேனியின் திரட்சியைச் செறிவு வேறுபாட்டாற் காட்டி, ஈற்றிற் கருங்கோட்டாலோ செங்கோட்டாலோ உருவங்களை வரையறுத்தான். சாதிலிங்கத்தின் சிவப்பு, அரிதாரத்தின் மஞ்சள், அவுரியின் நீலம், நீலமும் மஞ்சளும் கலந்த பச்சை, விளக்குக் கரியின் கறுப்பு, வெள்ளைச் சுதை ஆகிய சில வண்ணங்களே அவன் கையிருப்பு. ஏறத்தாழ ஆறு சதமமீற்றர் உயரமுள்ள சதுரத்துக்குள்ளே ஒரு புத்தர், இரு பக்கத்துணையர், வழிபடுவோர், மரம், மண்டபம் யாவற்றையும் நெருக்கடியின்றி அமைத்த அந்தக் கையின் பயிற்சி வியக்கத்தக்கது.

இனி அதன் பாணியை நோக்குவோம். முற்காலத்து ஏடுகளில் அஜந்தா மரபின் தொடர்ச்சி தெளிவாகத் தெரிகின்றது. வளைந்து குழைந்து செல்லும் கோடு, மேனியின் உருட்சியைக் காட்டும் வண்ணச்செறிவு, பாதி மூடிய விழிகள், சற்றே சாய்ந்த தலை, பேசுவன போன்ற விரல்கள் ஆகியவை அச்சுவரோவியங்களிலிருந்து சுருங்கி ஓலைக்கு வந்தனபோலத் தோன்றும். ஆயின் அஜந்தாவின் உலகம் விரிந்தது. அங்கே வணிகரும் வேடரும் பணிப்பெண்களும் யானைகளும் மரஞ்செடிகளும் நிறைந்த ஓர் ஊரே இயங்குகின்றது. ஏட்டோவியத்தில் அவ்வூர் மறைந்துவிடுகின்றது. நடுவே பெரியதாகத் தெய்வ உருவம்; இரு மருங்கும் சிறியனவாகத் துணை உருவங்கள்; பின்னே ஆலய வளைவு. சமச்சீரான இவ்வமைப்பு அக்காலத்து மகதத்துக் கருங்கற் சிற்பங்களிலும் நாலந்தாவின் வெண்கலப் படிமங்களிலும் காணப்படுவதே. ஏட்டோவியனின் கண்முன் நின்ற மாதிரி நேரே மனித வாழ்க்கையாக இருக்கவில்லை. கோயிலில் நிறுவப்பட்ட படிமமே அவனுக்கு மாதிரியாயிற்று.

காலஞ் செல்லச் செல்ல இம்மாற்றம் மேலும் தெளிவடைகின்றது. 12ஆம் நூற்றாண்டை நெருங்கும்போது வண்ணச்செறிவு குறைந்து கோடு முதன்மை பெறுகின்றது. மூக்கு கூர்மையடைகின்றது, மேனியின் உருட்சி தட்டையாகின்றது, அணிகலன்களும் அலங்காரக் கோலங்களும் பெருகுகின்றன. மேற்கே குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் சமண ஏடுகளை அலங்கரித்த ஓவியர் இக்கோட்டு முறையை இன்னும் தீவிரப்படுத்தி, முகத்துக்கு வெளியே துருத்தி நிற்கும் மறுகண்ணை வரையுமளவுக்குச் சென்றனர். கிழக்கத்திய ஓவியர் அவ்வெல்லைவரை செல்லவில்லை. பழைய மென்மையின் நினைவு அவர்களிடம் இறுதிவரை இருந்தது. இதனை வெறும் 'வீழ்ச்சி' என்று ஒதுக்கிவிடும் திறனாய்வாளரோடு நாம் உடன்பட இயலாது. ஒரே உருவத்தைப் பலமுறை வரையவேண்டிய தேவை எழுந்தவிடத்து, விரைந்து வரையத்தக்க கோட்டு முறை வளர்ந்தது இயல்பே. தேவை மாறியபோது உற்பத்தி முறை மாறியது. உற்பத்தி முறையோடு பாணியும் மாறியது.

*

இவ்வோவியங்களில் வரையப்பட்டவை யாவை? பெரும்பாலான ஏடுகளில் புத்தரின் வாழ்க்கையில் நிகழ்ந்த எட்டு நிகழ்ச்சிகள் இடம்பெறுகின்றன. உலும்பினியிற் பிறப்பு, கயையில் ஞானம் பெற்றமை, சாரநாத்தில் முதற் போதனை, சிராவஸ்தியிற் காட்டிய அற்புதம், சாங்காசியத்தில் வானுலகினின்றும் இறங்கியமை, இராஜகிருகத்தில் மதயானையை அடக்கியமை, வைசாலியிற் குரங்கொன்று தேன் படைத்தமை, குசிநகரத்தில் நிர்வாணம் என்பன அவை. இவற்றோடு பிரஞ்ஞாபாரமிதை தேவி, அவலோகிதேசுவரர், தாரை, மஞ்சுசிறீ முதலிய தெய்வங்களும் வரையப்பட்டன. இவற்றுக்கும் ஏட்டில் எழுதப்பட்டுள்ள நூலின் பொருளுக்கும் நேரடித் தொடர்பு பெரும்பாலும் இல்லை! நூல் சூனியத்தைப் பற்றி வாதிடுகின்றது. ஓவியமோ குரங்கு தேன் கொடுத்த கதையைக் காட்டுகின்றது. எனவே கதையை விளக்கும் படங்களாக இவற்றைக் கருதுதல் பொருந்தாது.

இப்புதிருக்கு விடை ஏட்டின் பயனிலே உள்ளது. இவ்வேடுகள் படிப்பதற்காக மாத்திரம் எழுதப்பட்டவை அல்ல, வழிபடுவதற்காகவும் எழுதப்பட்டவை. தூபிகளைக் கட்டுவதினும் இந்நூலை எழுதிப் பூவும் புகையும் விளக்கும் கொண்டு வழிபடுதலே மேலான புண்ணியம் என அந்நூலே கூறுகின்றது. பொன்னேட்டில் நீலமணி மையால் எழுதி, ஏழு முத்திரைகள் இட்டுப் பேழையில் வைக்கப்பட்ட மெய்யறிவு நூலைப் பற்றிய கதையொன்றும் அதன் இறுதிப் பகுதியில் வருகின்றது. ஆகவே ஏடு ஒரு சிறு கோயிலாயிற்று. எட்டுத் தலங்களின் நிகழ்ச்சிகளைத் தன்னுள் அடக்கிய அவ்வேடு, வைத்த இடத்திலேயே தலயாத்திரையின் பயனையும் தந்தது. பல ஏடுகளின் மரச்சட்டங்களிலே சந்தனமும் குங்குமமும் படிந்து தடித்துக் கிடப்பதை இன்றும் காணலாம். எல்லாம் வெறுமை எனக் கூறிய நூல் மஞ்சளும் சிவப்புமான உருவங்களால் நிறைந்தது. உருவத்தை மறுத்த கருத்து தானே வழிபடும் உருவமாயிற்று. இம்முரண்பாட்டை விளக்க நாம் தத்துவத்தைவிட்டுச் சமுதாயத்துக்கு வரவேண்டும்.

அதற்குமுன் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சான்றை இங்கே குறிப்பிடுதல் தகும். 1015இல் நேபாளத்திலே எழுதப்பட்டு, இப்போது கேம்பிரிட்ஜிலுள்ள இதே நூலின் ஏடொன்றில் 85 ஓவியங்கள் உள்ளன. அவற்றிற் பலவற்றின் அருகே, காட்டப்படும் படிமம் எந்நாட்டு எவ்விடத்தது என்பது எழுதப்பட்டுள்ளது. யவத்தீவும் சீனமும் அங்கே பெயர் பெறுகின்றன. தென்னாட்டு மூலவாசத்து லோகநாதரும் இடம்பெறுகிறார். இம்மூலவாசம் கேரளக் கரையில் இருந்த பௌத்தத் தலமென அறிஞர் கருதுவர். அவர்களோடு சிங்களத் தீவின் ஆரோக்கியசாலை லோகநாதரும் வீற்றிருக்கிறார்! ஆரோக்கியசாலை எனின் மருத்துவமனை. மிகிந்தலையில் மடாலய மருத்துவமனையின் இடிபாடுகளைக் கண்டோருக்கும், வெலிகமையிலே 'குஷ்டராஜகல' என வழங்கும் பாறையிலுள்ள போதிசத்துவர் சிற்பத்தை அறிந்தோருக்கும், நோய்தீர்க்கும் லோகநாதரின் புகழ் இமயமலைச் சாரல்வரை சென்றிருந்தமை வியப்பளிக்காது. பௌத்தத்தை ஓர் இனத்தின், ஒரு மொழியின் தனியுடைமையாக எண்ணிப் பழகிய நமக்கு இவ்வேடு ஒரு பாடமாகும். யாவாவும் சீனமும் கேரளக் கரையும் ஈழமும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து அமர்ந்த காலம் ஒன்று இருந்தது. மணிமேகலையைப் படைத்த தமிழுலகும் அவ்வுலகிலிருந்து விலகி நின்றதன்று.

*

இவ்வேடுகளைச் செய்வித்தவர் யார்? ஏடுகளின் இறுதிக் குறிப்புக்கள் இதற்கு விடை தருகின்றன. ஆட்சியிலுள்ள மன்னன் பெயர், ஆட்சியாண்டு, கொடையாளியின் பெயர், சிலவிடத்து எழுதியோன் பெயர் என்பன அவற்றிற் காணப்படும். இக்கொடையால் விளையும் புண்ணியம் ஆசிரியர், பெற்றோர் முதலாக எல்லா உயிர்களும் மேலான ஞானம் எய்த உதவுவதாகுக என்னும் கருத்தமைந்த வாய்பாடு ஒன்றும் தொடரும். கொடையாளிகளில் இல்லறத்துப் பௌத்தர், பிக்குகள், அரச குடும்பத்தினர் எனப் பலவகையினர் உளர். நயபாலனின் 14ஆம் ஆட்சியாண்டிலே உத்தாகா என்னும் அரசி 'பஞ்சரக்ஷா' நூலின் ஏடொன்றைச் செய்வித்தாள். நோய், பாம்பு, தீய ஆவி முதலியவற்றினின்றும் காக்கும் ஐந்து தேவியரின் மந்திரங்களைக் கொண்டது அந்நூல். அரண்மனையிலிருந்த பெண்ணுக்கும் அச்சம் இருந்தது. அந்த அச்சத்துக்கு மருந்தாக அவள் நாடியது ஓவியந் தீட்டிய ஓர் ஏடே. எல்லா உயிர்களுக்கும் புண்ணியத்தைப் பங்கிடும் அவ்வாய்பாடு நெஞ்சைத் தொடுவது என்பதில் ஐயமில்லை. ஆயின் புண்ணியத்தைப் பங்கிட்ட கைகள் நெல்லை எவ்வாறு பங்கிட்டன என்றும் நாம் கேட்கவேண்டும்.

பால மன்னர் காலத்து விகாரைகள் வெறும் தவச்சாலைகளல்ல. அவை பெரும் நிலவுடைமை நிறுவனங்கள். 9ஆம் நூற்றாண்டிலே சுவர்ணத்தீவின் மன்னன் பாலபுத்திரதேவன் நாலந்தாவிலே ஒரு விகாரையை எழுப்பினான். அவனது வேண்டுகோளின்படி தேவபாலன் இராஜகிருக, கயைப் பகுதிகளிலிருந்து ஐந்து கிராமங்களை அவ்விகாரைக்கு வழங்கினான். நாலந்தாவிற் கிடைத்த செப்பேடு இதனைத் தெரிவிக்கின்றது. பிக்குகளின் உணவு, உடை, மருந்து என்பவற்றோடு தரும நூல்களை எழுதுவிப்பதும் அக்கொடையின் நோக்கங்களில் ஒன்றாக அச்செப்பேட்டிற் கூறப்பட்டுள்ளமை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தியாகும். ஏட்டின் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் ஓர் உழவன் நின்றான் என்பது கவிஞனின் கற்பனையன்று, செப்பேட்டின் சாட்சியம். உழவனின் விளைச்சலில் அரசனுக்குரிய பங்கு விகாரைக்குத் திரும்பியது. விகாரையிலே அது மையாயிற்று, மஞ்சளாயிற்று, நீலமாயிற்று.

இந்த ஏற்பாடு எப்போதும் அமைதியாக நிகழ்ந்ததா? 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, இரண்டாம் மகிபாலனின் ஆட்சியில், வட வங்காளமாகிய வரேந்திரியிலே கைவர்த்தர் கிளர்ந்தெழுந்தனர். மீன்பிடித்தலும் உழவும் தொழிலாகக் கொண்ட மக்கள் அவர்கள். திவ்வியன் என்பான் தலைமையில் நிகழ்ந்த அவ்வெழுச்சியில் மன்னன் கொல்லப்பட்டான். வரேந்திரி கைவர்த்தர் வசமாயிற்று. பின்னர் திவ்வியனின் வழிவந்த பீமனை இராமபாலன் சிற்றரசர் பலரின் படைகளைத் திரட்டியே வெல்ல முடிந்தது. சந்தியாகரநந்தியின் 'இராமசரிதம்' என்னும் சிலேடைக் காவியம் வென்றவனை இராமனாகவே வைத்துப் பாடுகின்றது. நாட்டை மீட்டபின் இராமபாலன் வரிச்சுமையைத் தணித்தான் என்பதையும் அக்காவியத்தாலேயே அறிகின்றோம். வரி தணிக்கப்பட்டதெனின், முன்பு அது தாங்கவொண்ணாததாய் இருந்திருக்க வேண்டுமென ஊகிக்கலாம். இவ்வெழுச்சியைச் சிற்றரசர் கலகம் என்று கொள்ளும் வரலாற்றாசிரியரும் உளர்; உழவர் எழுச்சியின் கூறு அதிலுண்டென இராம் சரண் சர்மா போன்றோர் காட்டியுள்ளனர். எவ்வாறாயினும் இக்காவியத்தின் ஏட்டை 1897இல் ஹரப்பிரசாத் சாஸ்திரி நேபாளத்திலே கண்டெடுத்திராவிடில், அம்மக்களின் எழுச்சியைப் பற்றி நாம் அறிவது மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும். தோற்றவரின் கதையைக்கூட வென்றவரின் ஏட்டிலிருந்தே நாம் படிக்கவேண்டியுள்ளது.

இந்த இராமபாலன் காலத்திலேதான் ஏட்டோவியம் பெரிதும் செழித்தது. அவனது 15ஆம் ஆட்சியாண்டில் நாலந்தாவிலே எழுதப்பட்டு இன்று ஒக்ஸ்போட் பொட்லியன் நூலகத்தில் உள்ள ஏடு, இக்கலையின் சிறந்த படைப்புக்களில் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. அதன் ஓவியங்களில் நிலவும் சாந்தம் பார்ப்போரை வயப்படுத்துவது. ஆயின் அச்சாந்தம் அக்காலத்துச் சமுதாயத்தில் நிலவிய சாந்தம் என எண்ணுவோமானால் நாம் ஏமாறுவோம். வெளியே நிலம் அதிர்ந்துகொண்டிருந்தபோது சுவருக்குள்ளே கண்ட ஒரு கனவு அது. அதனாலேயே அது பொய்யாகிவிடாது. கருணையும் அமைதியும் மனிதர் வேண்டி நின்ற பொருள்கள். உலகில் அவை அரிதாயிருந்தமையாலேயே ஓவியத்தில் அவை அத்துணை அழகு பெற்றன.

கொடையாளியின் பெயர் ஏட்டிலே இருக்கின்றது. மன்னன் பெயர் இருக்கின்றது. எழுதியோன் பெயரும் சிலவேளை இருக்கின்றது. ஓவியன் பெயரைத் தேடினாற் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். எழுத்தறிவு மதிப்புக்குரியதாகவும் கைத்தொழில் அதனினும் தாழ்ந்ததாகவும் கருதப்பட்ட சமுதாயத்தில் இது எதிர்பார்க்கத்தக்கதே. 1608இல் தமது பௌத்த வரலாற்றை எழுதிய திபெத்திய அறிஞர் தாரநாதர், தர்மபாலன், தேவபாலன் காலத்தில் வரேந்திரியில் வாழ்ந்த தீமான் என்பானையும் அவன் மகன் வித்பாலனையும் கிழக்கத்திய கலைமரபின் முதல்வர்களாகக் குறிப்பிடுகின்றார். இப்பெயர்கள் பல நூற்றாண்டுகளின் பின்னர் எழுதப்பட்டவை. எஞ்சியுள்ள எந்த ஓவியத்தையும் இவர்களோடு பொருத்திக் காட்ட இயலாது. ஆயினும் தந்தையும் மகனுமாகத் தொழில் வளர்ந்த செய்தி கருதத்தக்கது. குடும்பமும் பட்டறையுமே அக்காலத்து ஓவியப் பள்ளிகள். கைவர்த்தர் எழுந்த அதே வரேந்திரியே ஓவிய மரபின் பிறப்பிடமாகவும் பேசப்படுவது நம் சிந்தனைக்குரியது.

*

1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் பக்தியார் கல்ஜியின் படை மகதத்துள் நுழைந்தது. கோட்டையென எண்ணித் தாக்கிய இடம் உண்மையில் ஒரு கல்விக்கூடம் என்பதையும் அங்கு நூல்கள் மிகுந்திருந்தமையையும் படையெடுப்பாளர் தரப்பு வரலாற்றாசிரியரான மின்ஹாஜே பதிவுசெய்துள்ளார். அழிவு உண்மையே, அதனை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆயின் ஒரு மதத்தார் வந்து இன்னொரு மதத்தை ஒரே நாளில் அழித்தனர் என்னும் எளிய கதையோடு நின்றுவிடுவதும் அத்தகைய துரோகமே. 1234ஐ அடுத்து நாலந்தாவுக்கு வந்த திபெத்தியப் பிக்கு தர்மசுவாமின், தொண்ணூறு வயது கடந்த இராகுலசிறீபத்திரர் அங்கே ஏறத்தாழ 70 மாணவருக்குக் கற்பித்துக்கொண்டிருந்ததைக் கண்டார். ஒரேயடியில் யாவும் அழிந்திருக்குமாயின் அம்முதியவர் யாருக்குக் கற்பித்திருப்பார்?

மேற்கே நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டால் உண்மை மேலும் விளங்கும். சமணரின் ஓவிய ஏடுகளும் ஏறத்தாழ இதே காலத்தவை. ஜைசல்மேரிலுள்ள மிகப் பழைய ஏடு 1060ஐச் சேர்ந்தது. குஜராத்தும் துருக்கப் படையெடுப்புக்கு உள்ளாயிற்று. எனினும் அங்கே ஏட்டோவியம் அழியவில்லை. ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாறி 15ஆம் நூற்றாண்டிலே பொன்னும் நீலமுமாக முன்னிலும் பெருகியது. காரணம் என்ன? சமண ஏடுகளைக் காத்தவர்கள் ஊர்தோறும் பரந்து வாழ்ந்த வணிகக் குடும்பங்கள். அவர்கள் அமைத்த நூற்பண்டாரங்கள் அரசர் மாறினாலும் மாறவில்லை. கிழக்கத்திய பௌத்தமோ அரச கொடைக்கும் பெருவிகாரையின் நிலவுடைமைக்கும் உள்ளே ஒடுங்கிவிட்டது. பால அரசு சிதைந்து, வைதிகத்தைப் போற்றிய சேன மன்னர் மேலோங்கியபோதே அதன் வேர் வறளத் தொடங்கிற்று. படையெடுப்பு வந்தபோது அதனைத் தாங்கிப் பிடிக்க ஊர்கள் இருக்கவில்லை. மக்களிடமிருந்து பிரிந்து, ஆள்வோரின் நிழலில் மாத்திரம் வளரும் கலைக்கும் அறிவுக்கும் நேரும் கதி இதுவே.

எனினும் அம்மரபு முற்றாக மடியவில்லை. மகதத்திலேயே 1446இல் எழுதி ஓவியந் தீட்டப்பெற்ற காலசக்கர நூலின் ஓலையேடு ஒன்று கேம்பிரிட்ஜில் உள்ளது. நேபாளத்து நேவாரி ஓவியர் இப்பாணியைத் தொடர்ந்து வளர்த்தனர். திபெத்திய துணியோவியங்களின் பழைய அடுக்கிலும், பர்மாவின் பாகான் கோயிற் சுவர்களிலும் இதன் சாயலைக் காணலாம். நேபாளமும் திபெத்தும் காத்தமையாலேயே ஏடுகளிற் பல நமக்குக் கிடைத்தன. முன்னர் குறிப்பிட்ட 1015ஆம் ஆண்டு ஏட்டின் வரலாறு இதற்கு உதாரணம். பௌத்தத்தில் நம்பிக்கையற்றோர் கையில் வீழ்ந்த அவ்வேட்டை 1139இல் கருணாவஜ்ரர் என்பார் மீட்டதாக அதிலேயே பின்னர் எழுதப்பட்ட குறிப்பொன்று கூறுகின்றது. எழுதியோரும் வரைந்தோரும் போலவே, மீட்டோரும் ஒரு நூலின் ஆசிரியர்களே.

19ஆம் நூற்றாண்டிலே மீண்டும் ஒரு பெயர்ச்சி நிகழ்ந்தது. கத்மண்டுவில் பிரித்தானியப் பிரதிநிதியாயிருந்த ஹொட்ஜ்சன் ஏடுகளைத் திரட்டிக் கல்கத்தாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பினார். அங்கே பணியாற்றிய மருத்துவர் டானியல் ரைட் 1873 முதல் 1876 வரையில் கேம்பிரிட்ஜுக்காகப் பெருந்தொகையான ஏடுகளை வாங்கினார். அவ்வேடுகளை ஆராய்ந்து பெண்டல் 1883இல் விவரப்பட்டியல் வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் பூஷே 1900இல் ஓவியங்களைப் பற்றிய முதற் பெருநூலை எழுதினார். இவர்களின் உழைப்பை நாம் மதிக்கவேண்டும். ஆயினும் மகதத்து உழவனின் நெல்லில் விளைந்த ஏட்டைக் காண மகதத்தார் கடல்கடந்து செல்லவேண்டிய நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் மறத்தலாகாது. ஓவியமுள்ள ஏடுகள் மட்டும் தனியே பிரிக்கப்பட்டுச் சந்தையில் விலைபோன கொடுமையும் நிகழ்ந்தது. நூலிலிருந்து பிரிந்த ஓவியம் சட்டத்துக்குள் அடைபட்ட காட்சிப் பொருளாயிற்று.

இதற்கு மாறான ஒரு வழியைக் காட்டியவர் இராகுல சாங்கிருத்தியாயன். 'வால்காவிலிருந்து கங்கை வரை' என்னும் நூலின் வாயிலாகத் தமிழ் வாசகர் நன்கறிந்த அவ்வறிஞர், களனி வித்தியாலங்காரப் பிரிவெனாவில் ஆசிரியராயிருந்தவர்; 1959இல் மீண்டும் இந்நாட்டுக்கு வந்து வித்தியாலங்காரப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். 1929 முதல் 1938 வரை நான்கு முறை திபெத்துக்குச் சென்று, மடாலயங்களிற் கிடந்த வடமொழி ஏடுகளைத் தேடிக் கண்டு படியெடுத்தும் ஒளிப்படமெடுத்தும் வந்தார். தாம் கொண்டுவந்த செல்வங்களைப் பாட்னா நூதனசாலையிற் சேர்த்தார். பிக்குவாயிருந்து பொதுவுடைமையாளராகிய அவருக்குப் பழமை வழிபடும் பொருளாகவும் தோன்றவில்லை. விற்கும் பொருளாகவும் தோன்றவில்லை. அது மக்களுக்கு மீளவேண்டிய சொத்தாகவே தோன்றியது.

இன்று கேம்பிரிட்ஜ் ஏடுகளின் ஒளிப்படங்களை இணையத்தின் வழியே எவரும் விலையின்றிக் காணலாம். நமது பாடசாலை வகுப்பறையிலேயே 1015ஆம் ஆண்டின் ஆரோக்கியசாலை லோகநாதரை மாணவர் முன் காட்டலாம். காட்டும்போது அது எந்த மன்னன் காலத்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதிருப்போம். ஓலையைப் பதப்படுத்தியவன், மையரைத்தவன், வரி விட்டு எழுதியவன், பெயர் எழுதாமல் வரைந்தவன், இவர்கள் யாவருக்கும் சோறு விளைவித்த ஐந்து கிராமத்து உழவன், அச்சத்தால் ஏடு செய்வித்த அரசி, வரி தாளாது எழுந்த கைவர்த்தன் ஆகிய எல்லோரும் அந்த ஆறு சதமமீற்றர் சதுரத்துக்குள் இருக்கின்றனர். எல்லா உயிர்களுக்கும் புண்ணியத்தைப் பங்கிட்ட அவ்வாய்பாட்டிலே பெயரின்றி நின்றவர்களுக்கு, அவர்களுக்குரிய இடத்தை வழங்கும் பணி வரலாறு கற்பிக்கும் நம்முடையது.